கொக்கின் வலது செட்டை

அருமைநாதன் என்ற பெயரை நான் என் வாயால் சொன்னது இரண்டே இரண்டு தடவைதான். ஒன்று மன்னாரில், கோயிலில், கலியாணத்தன்று சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது. மற்றது மொன்றியலில், அகதி விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்றாம் முறையும் கேட்டபோது. மற்ற நேரமெல்லாம் ‘இஞ்சேருங்கோ’தான். எழுதும்போது அந்தக் கூச்சம் இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், பாதியிலேயே ‘அவர்’ என்று மாறிவிடுவேன்.

அவருடைய தொழில் காரின் உடம்பைச் செய்வது. எஞ்சின் அவருக்குத் தெரியாது. எங்கள் சொந்தக் கார் குளிருக்குள் ஸ்டார்ட் வராவிட்டால் என்னைப்போலவே அவரும் முழுசிக்கொண்டு நிற்பார். மன்னார் பஸ் டிப்போவில் டிங்கரிங் பகுதியில் தொடங்கினார். எண்பத்தேழில் இங்கே வந்து ஒரு வருடம் கோப்பை கழுவினார். பிறகு அடிபட்ட கார்களை நிமிர்த்துகிற ஒரு கராஜில் ஆறு வருடம். தொண்ணூற்று நான்கில் லஷீனில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு வேலைத்தலத்தில் சேர்ந்தார். அங்கே காலை ஏழு மணிக்குப் போய் ஒரு நீளப் பலகையில் சாண்ட்பேப்பரைச் சுற்றிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினால், பின்னேரம் நான்கு மணிக்குத்தான் நிறுத்துவார். தேய்ப்பது, தடவிப் பார்ப்பது, திரும்பவும் தேய்ப்பது. பதின்மூன்று வருடமாக அவர் சட்டையைத் துவைத்தவள் நான். வெள்ளைத் தூசு என் மெஷினின் மூலையில் இன்னும் இருக்கிறது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதுவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜன்னல் சீலை இடப்பக்கம் அரை அங்குலம் கூட என்றால் சாப்பாடு இறங்காது. பூசை தொடங்க முன்பு பீடத்தில் மெழுகுதிரித் தண்டைப் போய் நகர்த்தி வைத்துவிட்டு வருவார், சாமியாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. யாருடைய கலியாணப் படத்தையாவது காட்டினால் மாப்பிள்ளையின் தோள் ஒருபக்கம் சரிந்திருக்கிறது என்பார். நல்ல வேளை, எனக்குக் கண் இரண்டும் ஓரளவு நேராக இருந்தது.

ஆனால் அந்த வியாதிதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்கள் ஆட்களில் கார் அடிபட்டுத் திருத்தி எடுத்தவர்கள் எல்லாரும் அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் பின்னால் குந்தி இருந்து, ஒரு கண்ணை மூடி, கொஞ்ச நேரம் பார்ப்பார். எழும்பி “சரி” என்றால் சரி. செயின்ட்-மிஷெலில் சொந்தக் கராஜ் வைத்திருக்கும் அல்பேட்கூட, சிக்கலான வேலை என்றால் சனிக்கிழமையில் இவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் காரை ஆட்களிடம் கொடுப்பான். “அருமைநாதன் அண்ணை கண்ணால் அளந்தால் பிறகு அளவுகோல் என்னத்துக்கு” என்று அவனே எல்லாருக்கும் சொல்லித் திரிந்தான். நாட்டைவிட்டு வந்த மனிதனுக்கு மிஞ்சியது அந்த ஒரு பெயர்.

இரண்டாயிரத்து ஏழு தை மாதம் அவருக்குத் தோள் விழுந்தது. வலது தோள். தட்டில் இருந்து சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது முகம் சுருங்கும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இழுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் டாக்டர் தன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பட்டியைப் பிடித்து, நடுவில் நகத்தால் கீறிக் காட்டினாள். தோளுக்குள் இருக்கும் நார் முக்கால்வாசி அறுந்துவிட்டதாம். இப்போது நிறுத்தினால் மிச்சம் தாங்கும். தொடர்ந்து தேய்த்தால் ஒரு நாளைக்கு முழுதாக அறும், பிறகு தைக்கவும் ஏலாது, கை தோளுக்கு மேலே வராது. எவ்வளவு நாள் அவகாசம் என்று அவர் கேட்டார். நாள் கணக்குச் சொல்ல முடியாது என்று அவள் சொன்னாள்.

“இப்ப கையிலை இருக்கிறது ஒரே ஒரு கார்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி முடிஞ்சிடும். அதோடை விட்டிடுறன்” என்றார் வீட்டுக்கு வந்ததும்.

“அந்தோனியார் மேலை ஆணையாச் சொல்லுங்கோ.”

“ஓம். ஆணை.”

கோயில் பங்குக் காலண்டரைச் சமையலறையில் மாட்டி, நான் நாள் வெட்டத் தொடங்கினேன். நானும் களைத்திருந்தேன். ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளின் காப்பகத்தில், நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் நான். வீட்டுக்கு வந்தால் என் கையும் என் பேச்சைக் கேட்காது. இரண்டு பேரில் ஒருவருடைய கையாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் அந்த வருடம் நான் வைத்த ஒரே மன்றாட்டு.

இனி அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடுவதற்காகச் செய்யாத கார் அது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறில் ஒரு அமெரிக்கக் கம்பனி, எதிர்காலத்தில் கார் எப்படி இருக்கும் என்று சனங்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றே ஒன்று செய்தது. கூரை முழுக்கக் கண்ணாடிக் குமிழ். கதவுக்குப் பிடி இல்லை, ஒரு பொத்தானை அமுக்கினால் குமிழும் கதவும் சேர்ந்து திறக்கும். ஸ்டியரிங் வட்டம் இல்லை, விமானத்தில் இருப்பதுபோல இரண்டு கொம்பு. பின் விளக்குகள் ரொக்கெட்டின் வால். அந்த விளக்குகளுக்கு மேலே, மீனுக்கு இருப்பதுபோல, இரண்டு பெரிய செட்டைகள் எழும்பி நிற்கும். உடம்பு இரும்பு அல்ல, ஃபைபர். முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் சும்மா ஒரு தகரப் பெட்டி. ஒரு வருடம் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு உடைக்கச் சொன்னார்களாம். யாரோ உடைக்க மனமில்லாமல் ஒரு களஞ்சியத்தில் ஒளித்து வைத்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து லொங்குய்யில் இருக்கிற ஒரு பல் டாக்டர் அதைத் தேடிப் பிடித்து, லஷீனுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

கம்பனி வைத்த பெயர் ஸ்கை ஹெரன். ஹெரன் என்றால் ஒரு வகைக் கொக்கு என்று என் மகள் றொஷினி சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் கொக்கு. கொக்கின் நிறத்தைப் பற்றி அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் பெயின்ற்றுக்குப் பளபளப்பு வருவதற்கு மீன் செதிளில் இருந்து எடுத்த ஒன்றைக் கலப்பார்களாம். “மன்னாரிலை செதிள் உரிச்சது காணாதெண்டு இஞ்சையும் வந்து செதிளோடைதானோ” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தோள் நோகிறவருக்கு எதற்கும் சிரிப்பு வராது.

களஞ்சியத்தின் கூரை உத்தரம் ஒரு நாள் விழுந்து, கொக்கின் வலது செட்டையை உடைத்துவிட்டது. இடது செட்டைக்கு ஒரு கீறலும் இல்லை. இவருடைய வேலை வலது செட்டையைத் திரும்பச் செய்வது. அவர்கள் தொழிலில் அதற்கு ஒரே வழிதான். நல்ல பக்கத்தில் மட்டையை வைத்து அச்சு வெட்டி, அதைத் திருப்பி மற்றப் பக்கத்தில் பிடித்து, இடைவெளி இல்லாமல் பொருந்தும்வரை ஃபைபரை ஏற்றுவதும் தேய்ப்பதும். இவரும் அதைத்தான் செய்தார். திருப்பிப் பிடித்தபோது, உடையாமல் மிஞ்சியிருந்த அடிக்கட்டையோடு அச்சு பொருந்தவில்லை. அடிக்கட்டை வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. உத்தரம் விழுந்த வேகத்தில் வளைந்துவிட்டது என்று நினைத்து, அந்த வளைவைத் தேய்த்து நேராக்கினார். அதன்மேல் புதுச் செட்டையை எழுப்பினார். பங்குனி நடுப்பகுதியில் வேலை முடிந்தது. முதலாளி ஜில் பின்னால் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கிறது என்று சொன்னாராம். காலண்டரில் இன்னும் மூன்று கிழமைதான் மிச்சம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலைத்தலத்துக்கு ஒரு கடித உறை வந்தது. கொக்கைச் செய்த கம்பனியில் வேலை செய்த யாரோ ஒருவருடைய வீட்டுச் சாமான்களை விற்றபோது பல் டாக்டர் வாங்கிய பழைய படங்கள். எல்லாரும் பார்த்தார்கள், ஆகா என்றார்கள், சுவரில் ஒட்டினார்கள். படங்களில் கார் எப்போதும் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. ஒரே ஒரு படம் மட்டும் பின்னால் நின்று எடுத்தது. அதன் பிரதியை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு மேசையில் விரித்தார்.

“இஞ்சரும், இதைப் பாரும். ரெண்டும் ஒண்டோ?”

“ஒண்டுதான்.”

“வடிவாப் பாரும்.”

அவர் அளவுகோலை வைத்தார். அப்போது தெரிந்தது. வலது செட்டை இடதைவிட இரண்டு விரல் உயரம் குறைந்து பதிந்திருந்தது. நுனி வெளியே மெல்ல வளைந்திருந்தது. இடது நிமிர்ந்து நின்றது, வலது சாய்ந்து நின்றது. உத்தரம் விழ முன்பே, ஐம்பது வருடத்துக்கு முன்பு செய்தபோதே, அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

படத்தின் பின்பக்கத்தையும் அவர் பிரதி எடுத்திருந்தார். பென்சிலால் ஆங்கிலத்தில் ஒரு வரி. றொஷினிக்குப் போன் போட்டு எழுத்து எழுத்தாகச் சொன்னோம், அவள் அர்த்தம் சொன்னாள். ‘இடதா வலதா, இன்னும் முடிவில்லை. வெள்ளிக்கிழமை காட்சி தொடங்குகிறது.’ கீழே பெயரில்லை, இரண்டு எழுத்து மட்டும்.

அதன் கதையை ஜில் அடுத்த நாள் இவருக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் காலத்தில் காரை முதலில் களிமண்ணில் முழு அளவில் செய்வார்களாம். நேரத்தை மிச்சம் பிடிக்க இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் இன்னொரு மாதிரி செய்து, நடுவில் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். எது நல்லதோ அதையே மற்றப் பக்கத்துக்கும் எடுப்பார்கள். கொக்குக்கு மட்டும் அந்தக் கடைசி வேலைக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு யோசனையோடும் அப்படியே அச்செடுத்துக் காட்சிக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை, அதனால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. “நீயும் பார்க்காதது மாதிரி இரு, பல் டாக்டருக்குச் சந்தோஷம்தான்” என்று ஜில் சொன்னாராம். நல்ல மனிதர். நானும் அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

“உங்களைத் தவிர ஆருக்குத் தெரியும்? வாயை மூடிக்கொண்டு இருங்கோ.”

“உடைஞ்சது எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன், கத்தரின். அது உடைஞ்சதில்லை. அந்த மனிசன் அப்பிடித்தான் வைச்சவன்.”

“அந்த மனிசன் இப்ப உயிரோடை இருக்கிறானோ எண்டே தெரியாது.”

“அதாலைதான்” என்றார்.

நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. என் கோபம் நியாயமானது, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கைக்கும் செட்டைக்கும் நடுவில் எதைத் தெரிந்தெடுப்பது என்று ஒரு மனிதன் யோசித்துக்கொண்டு இருந்தால் பெண்சாதிக்குக் கோபம் வராமல் என்ன வரும்.

தவக்காலம் என்பதால் குருத்து ஞாயிறுக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். நான் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அவர் இருபது நிமிடம் எடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள், அருமைநாதன் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று என்னைப் பார்த்தார்கள். வெளியே வந்தவருடைய முகத்தைப் பார்த்தால் மரண வீட்டுக்குப் போய்வந்தவர்போல இருந்தது.

“என்ன சொன்னவர்?”

“அது பாவமில்லையாம்.”

“பேந்தென்ன, நல்லதுதானே.”

“அபராதமும் தரேல்லை. ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லச் சொல்லேல்லை. வீட்டை போய் ஓய்வெடுங்கோ எண்டு சொல்லிப்போட்டார்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கள் ஆட்களுக்குப் பாவத்தைச் சொன்னால் ஏதாவது ஒரு தண்டனை வேண்டும். செபமாலை உருட்டியாவது கழித்துவிட்டால்தான் நித்திரை வரும். சாமியார் நல்லவராக இருந்து காரியத்தைக் கெடுத்துவிட்டார். தண்டனை கிடைக்காத மனிதர் தானே ஒன்றைத் தேடிக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, நான் எழும்ப முன்பே சாப்பாட்டுப் பெட்டியைக் காணவில்லை. லஷீனுக்குப் போய்விட்டார். ஆணை இட்டது எனக்கு, அந்தோனியாருக்கு. இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டார். ஜில் தலையில் அடித்துக்கொண்டாலும் தடுக்கவில்லை. கொக்கைக் காட்சிக்கு வைப்பது ஆனி மாதம்தான் என்றபடியால் பல் டாக்டரும் ஒத்துக்கொண்டார். இவர் முதலில் தான் செய்த செட்டையை வெட்டி எடுத்தார். அவர்கள் வேலைத்தலத்தில் கார் வெளியே போகும்வரை எந்த உடைந்த துண்டையும் எறிவதில்லை. உத்தரம் நொறுக்கிய துண்டுகள் ஒரு பெட்டியில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டி, பழைய சாய்வைக் கண்டுபிடித்தார். அதற்கு அச்சு கிடையாது. மட்டையைத் திருப்பிப் பிடிக்கிற வேலை செல்லாது. முப்பது வருடமாக இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிய கண்ணை இப்போது ஒன்றாக்காதே என்று அடக்கிப் பிடிக்க வேண்டும். அதுதான் தோளைவிடக் கஷ்டம் என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

ஐந்து கிழமை போனது. ஒவ்வொரு நாளும் அவர் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. வைகாசி நடுவில் ஒரு சனிக்கிழமை. எனக்குக் கார்டெரி இல்லை. இன்றைக்கு இந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது என்று முடிவெடுத்து, மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து லஷீனுக்குப் போனேன். ஜில்லுக்குப் பிரெஞ்சில் ஏசுவதற்குச் சொற்களையும் வழியில் சேர்த்து வைத்திருந்தேன்.

ஜில் அங்கே இல்லை. பெரிய மண்டபத்தில் இவர் தனியாக நின்றார். அன்றைக்குத்தான் நான் கொக்கை முதன்முதலாகப் பார்த்தேன். பெயின்ற் அடிக்காமல் சாம்பல் நிறத்தில் நின்றது. நான் நினைத்ததைவிடப் பெரியது, நான் நினைத்ததைவிடப் பாவமாக இருந்தது. இவர் வலக்கையில் பலகையைப் பிடித்து, வலது முழங்கையை இடக்கையால் தாங்கி, உடம்பு முழுவதையும் ஆட்டித் தேய்த்துக்கொண்டு இருந்தார். நான் வந்ததைக் காணவில்லை. பையை வைத்துவிட்டுப் போய், அவருடைய முழங்கையை நான் தாங்கிப் பிடித்தேன்.

“வந்திட்டீரோ” என்றார், நான் கடைக்குப் போய்த் திரும்பியதுபோல.

அப்படியே ஒரு மணித்தியாலம் தேய்த்தோம். நடுவில் நிறுத்தி, என் உள்ளங்கையைப் பிடித்துப் பெட்டியில் இருந்த பழைய நுனித் துண்டின் மேல் வைத்தார். “கண்ணை மூடும். தடவிப் பாரும். பேந்து இதைத் தடவும்.” கண்ணை மூடித் தடவினேன். எத்தனை வருடம் ரொட்டிக்கு மா குழைத்த கை இது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று அதற்குத் தெரிந்தது. நுனியில் மூன்று அங்குலம் இன்னும் தடிப்பாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் பலகையை எடுத்து, நுனிக்காகக் கையை உயர்த்தினார்.

சீலை கிழிவதுபோல ஒரு சத்தம் தோளுக்குள் கேட்டதாகப் பிறகு சொன்னார். எனக்குக் கேட்டது பலகை நிலத்தில் விழுந்த சத்தம்தான். கை அப்படியே தொங்கியது. முகம் வெளிறிப்போய், பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் இருந்தார்.

“எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்று கத்தினேன்.

“மூண்டு அங்குலம்தான், கத்தரின்.”

“விசரோ உங்களுக்கு!”

“கை போட்டுது. இனி ஒரு மணித்தியாலம் பிந்தினா என்ன, முந்தினா என்ன. மூண்டு அங்குலம்.”

நான் அழுதேன், அவரை ஏசினேன், அந்தப் பெயரில்லாத அமெரிக்கனை ஏசினேன். பிறகு பலகையை எடுத்துத் தேய்த்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம். கை அறுந்துபோன மனிதரை ஸ்டூலில் இருத்திவிட்டுத் தேய்த்துக்கொண்டு நின்ற பெண்சாதி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. “மெல்ல” என்று இரண்டு முறையும், “காணும்” என்று ஒரு முறையும் சொன்னார். காணும் என்றபோது நான் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். பழைய துண்டும் புது நுனியும் என் கைக்கு ஒன்றாகவே இருந்தன. பிறகு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாரையும்போல ஒன்பது மணித்தியாலம் காத்திருந்தோம். முன்பு சொன்னதையேதான் அங்கே திரும்பவும் சொன்னார்கள். தைக்க ஏலாது.

ஆனி மாதம் லொங்குய்யில் காட்சி. மெட்ரோவில் மஞ்சள் லைனில் போனோம். அவருக்குச் சட்டை போட்டு, பொத்தான் பூட்டி, தலைவாரி விட்டது நான். மண்டபத்தின் நடுவில் கொக்கு நின்றது. இளம் பச்சை நிறம், பக்கத்தால் நடந்தால் உள்ளே வெள்ளி ஓடியது. அவ்வளவு கோபத்திலும் நான் ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி நின்றேன். முன்னால் ஒரு அட்டை. காரின் பெயர், வருடம், டாக்டரின் பெயர். செட்டையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆட்கள் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வார்கள் என்று டாக்டர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

இவர் எல்லாருக்கும் சொல்லியிருந்தார், என்ரை கடைசி வேலை, வந்து பாருங்கோ என்று. அல்பேட் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். முன்னால் நின்று ஆகா என்றான், குமிழுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு பழக்கத்தில் பின்னால் போனான். குந்தி இருந்தான். ஒரு கண்ணை மூடினான். அவன் எழும்பவில்லை. மற்றக் கண்ணை மூடித் திரும்பவும் பார்த்தான். எழும்பி வந்தபோது அவன் முகம் நோயாளியைப் பார்க்க வந்தவனுடைய முகமாக இருந்தது.

“அண்ணை” என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “வலப்பக்கம் பதிஞ்சுபோச்சு. கை ஏலாமல் செய்தனீங்களோ?”

படத்தின் பிரதி இவருடைய சட்டைப் பைக்குள்தான் இருந்தது. காலையில் நானே மடித்து வைத்தேன். எடுத்துக் காட்டினால் அல்பேட் நம்புவான். நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கொக்கைப் பார்த்தார், அல்பேட்டைப் பார்த்தார்.

“ஓம்” என்றார்.

அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருடத்துப் பெயர். கை போன மனிதருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார். நான் படத்தை எடுக்கப் போனேன், அவர் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். சரி, படம் வேண்டாம். ஆனால் என் வாயை அவர் பிடிக்கவில்லையே.

“வலப்பக்கம் நான் தேய்ச்சது, அல்பேட்” என்றேன். “அண்ணைக்குக் கை போனாப்பிறகு நான்தான் முடிச்சனான்.”

அல்பேட்டின் முகம் அப்படியே தெளிந்தது. “அதுதானே பார்த்தன்! அண்ணையின்ரை கண் இப்பிடி விடாதே எண்டு நினைச்சனான். அக்கா, உங்களுக்கேன் இந்த வேலை!” என்று சிரித்தான். கூட்டாளிகளிடம் ஓடிப்போய்ச் சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். சிரித்தால் தோள் நோகும், நொந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டேன், படத்தைக் காட்டாமல் ஏன் விட்டீர்கள் என்று.

“அவனுக்குக் காட்டினா பேந்து வாற ஆளுக்கும் காட்ட வேணும். அதுக்குப் பிறகு வாற ஆளுக்கும்” என்றார். “களைச்சுப்போனன், கத்தரின்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கு முழுவதும் கதை பரவிவிட்டது. கார்டெரியில் ரொட்டி சுடுகிற கத்தரின் போய், அமெரிக்கக் கம்பனி செய்த ஒரே காரைக் கோணலாக்கிவிட்டாள். பூசைக்குப் போனபோது பின்வரிசை வாங்கிலில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. சாமியார் சிலுவை போட்டுத் தொடங்கினார். இவர் வலக்கையை இடக்கையால் தூக்கினார். மார்புவரை வந்தது, நெற்றிக்கு எட்டவில்லை. நான் முழங்கையைப் பிடித்து, லஷீனில் பிடித்ததுபோலவே தாங்கி, நெற்றிவரை உயர்த்தினேன். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிரிக்கட்டும். கடைசி மூன்று அங்குலம் சரியாகத்தான் இருக்கிறது.